புதிய திறமூல சர்வர் மென்பொருளைப் புரொடக்ஷனில் ஏற்றலாமா? சோதித்து முடிவெடுக்கும் முறை

ஒரு புதிய திறமூல சர்வர் மென்பொருள் புரொடக்ஷனுக்கு, அதாவது பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் சூழலுக்கு, தயாரா என்ற கேள்விக்கு, அது எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்று தெரியாமல் யாராலும் விடை சொல்ல முடியாது. ஆகவே முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்: இது நின்றுபோனால் வேறு எவையெல்லாம் நிற்கும்? இது தவறாக இயங்கினால் எது திரும்பக் கிடைக்காமல் போகும்? கோரிக்கைகளை வாங்கிப் பின்னாலுள்ள சர்வர்களுக்கு அனுப்பும் ரிவர்ஸ் பிராக்ஸி ஒன்று விழுந்தால் சில நிமிடங்களில் பழையதற்குத் திரும்பிவிடலாம். ஆனால் ஒரு தரவுத்தளம், எழுதிவிட்டதாகப் பதில் சொல்லிவிட்டு எழுதாமல் விட்டால், அது வெளியே தெரியும் நாளில் பேக்கப்பிலும் அந்தத் தரவு இருக்காது. தரவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு மற்றவற்றைவிடப் பல மடங்கு கடுமையான அளவுகோல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் சோதனைகளில் முக்கியமானவை அந்த வகைக்கு உரியவை.

பதிப்பு எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். பதிப்புகளுக்கு எண்ணிடும் செமான்டிக் வெர்ஷனிங் விதிப்படி, 0 என்று தொடங்கும் பதிப்பில் எதுவும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். அதனாலேயே அது நம்பத்தகாதது என்று ஆகிவிடாது. 2004-இல் வெளிவந்த என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், 1.0 என்ற எண்ணை எட்டியது 2011-இல்தான். அதற்குள் பெரிய தளங்கள் பல அதன்மேல் இயங்கிக்கொண்டிருந்தன. இதற்கு நேர்மாறாக, முதிர்ந்த மென்பொருளுக்குள் முதிராத பகுதியும் இருக்கும். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை 2009 முதல் லினக்ஸின் மையமான கெர்னலில் இடம்பெற்றிருந்தாலும், பல வட்டுகளில் தரவைப் பரப்பி வைக்கும் அதன் ரெய்டு 5, 6 வசதிகளைப் புரொடக்ஷனில் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரித்திருக்கிறது. ஆகவே நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் வசதிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் பற்றி ஆவணம் என்ன சொல்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள்.

அடுத்து, பிழைப் பதிவேட்டை நிதானமாக வாசியுங்கள். திறந்திருக்கும் பிழைகளின் எண்ணிக்கையிலிருந்து பெரிதாக எதுவும் தெரியாது. மூடப்பட்ட பிழைகளில்தான் செய்தி இருக்கிறது. தரவு இழப்பு, கோப்புச் சிதைவு, நினைவகக் கசிவு, மேம்படுத்தல் தோல்வி ஆகிய சொற்களைத் தேடி, அவற்றில் சிலவற்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை படியுங்கள். பராமரிப்பவர்கள் பிழையைத் தங்கள் பக்கம் மீண்டும் வரவழைத்துப் பார்த்தார்களா, திருத்தத்தோடு அதற்கான தானியங்கிச் சோதனையையும் சேர்த்தார்களா, எந்தெந்தப் பதிப்புகள் பாதிக்கப்பட்டன என்று பயனர்களுக்குத் தெளிவாகச் சொன்னார்களா என்பதே கவனிக்க வேண்டியது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளம் இதற்கு நல்ல முன்மாதிரி. நினைவகத்தில் உள்ள தரவை வட்டில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பு தோல்வியடைந்தால் மறுமுறை முயன்று சரிசெய்துவிடலாம் என்று அது நெடுங்காலமாக நம்பியிருந்தது தவறு என 2018-இல் தெரியவந்தபோது, விவாதம் முழுவதும் வெளிப்படையாக நடந்தது. 2019 பிப்ரவரியில் ஆதரவில் இருந்த எல்லாப் பதிப்புகளுக்கும் திருத்தம் வந்தது. எந்த மென்பொருளிலும் பெரும்பிழை இருக்கவே செய்யும். அது வெளிப்பட்ட பிறகு அந்தக் குழு எப்படி நடந்துகொள்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

திட்டத்தைத் தாங்கி நிற்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். கடந்த ஓராண்டில் வந்த மாற்றங்களில் பெரும்பகுதி ஒரே ஒருவருடையது என்றால், அவர் ஒதுங்கினால் நீங்களே நிரலைத் திருத்த வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு நுழைக்கப்பட்டதற்கு, சோர்ந்திருந்த ஒற்றைப் பராமரிப்பாளரிடமிருந்து பொறுப்பு படிப்படியாக வேறொருவருக்குக் கைமாறியதே வழிவகுத்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழி ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதை ஆந்த்ரெஸ் ஃபிராயின்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கவனித்ததால்தான் அது பிடிபட்டது. உரிமத்தையும் இதே வேளையில் பார்த்துவிடுங்கள். திட்டம் ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தால், ரெடிஸ் தரவுத்தளத்தின் உரிமம் 2024 மார்ச்சில் மாறியதைப்போல அது எப்போது வேண்டுமானாலும் மாறலாம். அப்போது உடனே வால்கீ என்ற கிளை உருவாகக் காரணம், அதை எடுத்து நடத்தும் அளவுக்கு வெளிப் பங்களிப்பாளர்கள் இருந்ததுதான். புதிய திட்டங்கள் பலவற்றுக்கு அந்தப் பலம் இருப்பதில்லை.

இவ்வளவும் வாசித்துத் தெரிந்துகொள்பவை. இனி வருவது உங்கள் கையால் செய்து பார்க்க வேண்டியது. அதில் முதன்மையானது மின்தடைச் சோதனை. ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் மென்பொருளை நிறுவுங்கள். வேறோர் இயந்திரத்திலிருந்து 1, 2, 3 என்று வரிசையாக எண்களை எழுதும் சிறு நிரலை ஓடவிடுங்கள். சர்வர் ‘எழுதிவிட்டேன்’ என்று பதில் தந்த பிறகே அந்த எண்ணைத் தன் கோப்பிலும் அது குறித்துக்கொள்ள வேண்டும். எழுத்து முழுவேகத்தில் நடக்கும்போது மெய்நிகர் இயந்திரத்தை, முறையாக மூடாமல், மின்சாரம் போனதுபோலத் திடீரென அணையுங்கள். மீண்டும் இயக்கியபின் இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். சர்வரில் இருக்கிற, ஆனால் நிரலின் கோப்பில் இல்லாத எண் குற்றமல்ல. பதில் வழியிலேயே அறுந்திருக்கும். நிரலின் கோப்பில் இருக்கிற, ஆனால் சர்வரில் இல்லாத எண், கொடுத்த வாக்கு மீறப்பட்டதற்குச் சான்று. பதில் தருவதற்கும் தரவு வட்டில் சேர்வதற்கும் இடையிலான இடைவெளி மிகக் குறுகியது என்பதால் ஒருமுறை தேறியது போதாது. இதைத் தானியங்கியாக்கி இரவு முழுவதும் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள்.

இந்த இடத்தில் பலர், இயங்கும் நிரலை உடனே நிறுத்தும் கில் -9 கட்டளையைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். அது அந்த நிரலின் இயக்கத்தை மட்டுமே கொல்கிறது. கெர்னலிடம் ஒப்படைத்த தரவு நினைவகத்தில் அப்படியே இருந்து, பிறகு வட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எஃப்சிங்க் அழைக்கவே மறந்த மென்பொருளும் அந்தச் சோதனையில் தேறிவிடும். இழப்பு கண்டால் உடனே மென்பொருளைத் தள்ளிவிடவும் வேண்டாம்; முதலில் அமைப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கோப்பின் முடிவில் சேர்த்துவைக்கும் ரெடிஸின் ஏஓஎஃப் முறையில் இயல்பான அமைப்பு நொடிக்கு ஒருமுறை வட்டில் எழுதுவதுதான். ஒரு நொடிக்கான தரவு போகலாம் என்று ஆவணமும் சொல்கிறது. எழுதி அறிவித்த இழப்பை உங்கள் வேலை தாங்குமா என்று நீங்கள் கணக்கிட்டுக்கொள்ள முடியும். அறிவிக்காத இழப்பை அப்படிக் கணக்கிட வழியில்லை. பல முனைகளில் (தனித்தனி இயந்திரங்களில்) பரவி இயங்கும் தரவுத்தளமாக இருந்தால், முனைகளுக்கிடையே நெட்வொர்க்கைத் துண்டித்தும் இதே ஒப்பீட்டைச் செய்யுங்கள். இத்தகைய தரவுத்தளங்களைச் சோதித்து வெளியிடும் கைல் கிங்ஸ்பரியின் ஜெப்சன் ஆய்வறிக்கை அந்த மென்பொருளுக்கு வெளிவந்திருந்தால், அதைப் படிக்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

வட்டு நிறைந்த நிலையும் அவசியம் பார்க்க வேண்டியது. சிறிய பிரிவு ஒன்றில் தரவை வைத்து அது நிரம்பும்வரை எழுதுங்கள். தெளிவான பிழைச்செய்தி தந்து எழுத்தை நிறுத்த வேண்டும், இடம் ஒதுக்கியதும் தானாக எழ வேண்டும். நினைவக வரம்பு விதித்தும், திறந்த கோப்புகளின் வரம்பைக் குறைத்தும் இதேபோலப் பாருங்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை, திட்டத்தின் பக்கத்தில் வெளியிடும் அளவீடுகள் உங்களுக்கு உதவா. உங்கள் பழைய சர்வரின் லாகிலிருந்து எடுத்த கோரிக்கைகளையே, எதிர்பார்க்கும் உச்சத்தைவிட அதிகமான விகிதத்தில் அனுப்புங்கள். சராசரியை விட்டுவிட்டு, நூற்றில் 99 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்று அளந்து பாருங்கள். இந்தச் சுமையைச் சில நாட்கள் நிறுத்தாமல் வைத்தால்தான் மெதுவான நினைவகக் கசிவு தெரியும்.

திரும்பி வரும் வழியைச் சோதிக்காமல் எதையும் ஏற்றக் கூடாது. முந்தைய பதிப்பை நிறுவித் தரவை நிரப்பி, அங்கிருந்து தற்போதைய பதிப்புக்கு மேம்படுத்துங்கள். பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப முயலுங்கள். தரவுக் கோப்பின் வடிவம் மாறியிருந்தால் திரும்ப முடியாது. அப்படியானால் மேம்படுத்துவதற்கு முந்தைய பேக்கப் ஒன்றே வழி. பேக்கப் எடுப்பதோடு நில்லாமல், வெற்று இயந்திரத்தில் மீட்டு, வரிசைகளை எண்ணிப் பார்த்து, எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவையான கிட்லேபில் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அவர்கள் வைத்திருந்த பேக்கப் முறைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகலே மிஞ்சியது. நன்கு பழகிய மென்பொருளிலேயே இப்படி என்றால், புதியதில் இந்த ஒத்திகையைத் தவிர்க்க எந்த நியாயமும் இல்லை.

எல்லாம் தேறினால், முதலில் உண்மையான கோரிக்கைகளின் நகலை மட்டும் புதிய சர்வருக்கு அனுப்பி, அதன் விடைகளைப் பழையதன் விடைகளோடு ஒப்பிடுங்கள். பயனருக்குப் போவது பழையதன் விடையாகவே இருக்கட்டும். பிறகு நூற்றில் ஒரு பங்கு, அடுத்துப் பத்துப் பங்கு என்று கூட்டுங்கள். எந்த அளவு தாமதம் அல்லது பிழை வந்தால் திரும்பிவிடுவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி, இரவுப் பணியில் இருப்பவர் யாரிடமும் கேட்காமல் அதைச் செய்யும் அதிகாரத்தையும் கொடுத்துவிடுங்கள். புதியது ஒரு மேம்படுத்தலையும் ஒரு மாத இறுதி உச்சச் சுமையையும் தாண்டும்வரை பழையதை அணைக்க வேண்டாம்.

தேறவில்லை என்றால், கண்ட குறைகளைப் பதிப்பு எண், அமைப்புக் கோப்பு, மீண்டும் வரவழைக்கும் படிகள் ஆகியவற்றோடு அந்தத் திட்டத்தின் பிழைப் பதிவேட்டில் எழுதுங்கள். பாதுகாப்புக் குறையாக இருந்தால் அவர்கள் அதற்கெனச் சொல்லியுள்ள தனிவழியில் தெரிவியுங்கள். மின்தடைச் சோதனைக்கு எழுதிய சிறு நிரலையும் இணைத்தால், அவர்கள் அதைத் தங்கள் தானியங்கிச் சோதனைகளில் சேர்த்துக்கொள்ள முடியும். திருத்தம் வந்த பதிப்பில் அதே நிரலை மறுபடி ஓடவிட்டு நீங்களும் சரிபார்க்கலாம்.