லயத்து வெளிச்சத்துக்கு ஒரு 2.8 சூம்: கையைக் கடிக்காமல் வாங்குவது எப்படி

எங்கள் மலையகத் தோட்ட லயங்களில் (வரிசை வீடுகளில்) ஒரு சடங்கு வீட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனால் என்ன கிடைக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, மூலையில் அலமாரி, நடுவில் பிள்ளை உட்கார நாற்காலி, சுற்றி மாமன்மார் அத்தைமார் என்று பதினைந்து பேர், மேலே ஒரேயொரு 9 வாட் பல்ப். மணி நாலுதான் ஆகியிருக்கும், ஆனால் மலையிலிருந்து மூட்டம் இறங்கி, கதவு வழியாக வந்துகொண்டிருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் விழுங்கியிருக்கும். கெமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸை 55க்குத் திருப்பி (எண் கூடக் கூடக் காட்சி கிட்ட வரும்), ஆலாத்தித் தட்டைச் சுற்றும் அத்தையின் முகத்தை எடுக்கப் பார்த்தால், 55இல் அது எஃப்/5.6 வரைதான் திறக்கும், ஐஎஸ்ஓ (சென்சரின் உணர்திறன்) 3200 வைத்தும் ஷட்டர் 1/15 செக்கன் என்று காட்டும். தட்டு சுற்றும், அத்தை சிரிப்பார், படத்தில் முகம் கலங்கிப் போய்க் கிடக்கும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலும், அதே இடத்தில் எஃப்/2.8 லென்ஸ் இருந்தால் ஷட்டர் 1/60. காசு கொடுப்பது இதற்குத்தான், மற்றதெல்லாம் அப்புறம்.

கணக்கு ரொம்பச் சுலபம். 5.6இலிருந்து 4க்கு வந்தால் வெளிச்சம் இரட்டிப்பு, 4இலிருந்து 2.8க்கு வந்தால் இன்னொரு இரட்டிப்பு, ஆக நாலு மடங்கு. ஒவ்வொரு இரட்டிப்பையும் ஒரு ஸ்டொப் என்போம். ஆனால் இதில் ஒரு விஷயத்தைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள்: கிட் லென்ஸே 18இல் 3.5 வரை திறக்கும், அங்கே 2.8க்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு ஸ்டொப் கூட இல்லை. லாபம் முழுக்க சூம் பண்ணிய பக்கத்தில்தான் இருக்கிறது. நீங்கள் எடுப்பதெல்லாம் 18இல் பரந்த காட்சிதான் என்றால், பணத்தை வைத்துக்கொண்டு ஒரு நல்ல பிளாஷ் வாங்குங்கள். பகலில் கொழுந்துக் காட்டில் எடுப்பவர்களுக்கும் அதேதான், அங்கே எல்லோரும் எஃப்/8 வைத்துத்தான் எடுக்கிறோம், கிட் லென்ஸுக்கும் விலை கூடிய லென்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டத்தை 2.8 ஊடுருவும் என்று ஒரு தம்பி நம்பிக்கொண்டிருந்தான். ஊடுருவாது.

சூம் பண்ணினாலும் 2.8 அப்படியே நிற்பதால் இன்னொரு வசதியும் உண்டு. மேனுவலில் ஒரு தடவை அளவு பிடித்துவிட்டால் 17இல் எடுத்த படமும் 50இல் எடுத்த படமும் ஒரே வெளிச்சத்தில் வரும், கிட் லென்ஸ் மாதிரி திருப்பத் திருப்ப இருட்டிக்கொண்டு போகாது. வியூபைண்டரும் பளிச்சென்று இருக்கும். பல கெனன் பொடிகளில் (லென்ஸ் மாட்டும் கெமரா உடம்புகளில்) நடுப் போகஸ் புள்ளி 2.8 லென்ஸ் மாட்டினால் கூடத் துல்லியமாகப் போகஸ் பிடிக்கும் விதமாகச் செய்யப்பட்டது, அதுவும் உங்கள் கணக்கில் சேரட்டும்.

50 மி.மீ. எஃப்/1.8 மலிவாகக் கிடைக்குதே, அதையே வாங்கினால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் அதில்தான் தொடங்கினேன். வெளிச்சம் பிரமாதம். ஆனால் காம்பராவுக்குள் பின்னால் போக இடம் எங்கே? சிறிய சென்சர் (ஏபிஎஸ்-சி) கெமராவில் பத்தடி தள்ளி நின்று 50இல் எடுத்தால் அகலத்தில் நாலரை அடிதான் படத்துக்குள் வரும். 17இல் பதின்மூன்று அடி வரும். அதாவது 50இல் பிள்ளையும் ஒரு மாமியும், 17இல் முழுக் குடும்பமும் சுவரில் மாட்டிய சாமி படமும். முதுகு சுவரில் இடித்த பிறகு லென்ஸ்தான் பின்னால் போக வேண்டும், நாம் போக முடியாது. அதனால் சூம்.

சரி, எதை வாங்குவது?

சிறிய சென்சர் கெமரா வைத்திருப்பவர்களுக்கு என் பதில் பல வருடமாக மாறவில்லை: டெம்ரோன் 17-50 எஃப்/2.8, நடுக்கம் தாங்கும் வசதி இல்லாத பழைய மொடல், பாவித்தது. 2006இல் வந்தது. நானூற்றுச் சொச்சம் கிராம்தான், 67 மி.மீ. பில்டர், 27 சென்ரிமீட்டர் வரை கிட்டப் போகலாம், தாலியையோ மருதாணிக் கையையோ எடுக்க அது போதும். குறை இல்லாமல் இல்லை. போகஸ் மோட்டர் சத்தம் போடும், கோயிலில் மந்திரத்துக்கு நடுவே கேட்கும் அளவுக்கு. போகஸ் பிடிக்கும்போது முன் வளையமும் சேர்ந்து சுற்றும், விரலை அதில் வைத்திருந்தால் தடங்கும். ஆனால் 2.8இலேயே நடுவில் கூர்மையாக இருக்கும், விலையும் கெனன், நிக்கோன் சொந்த லென்ஸ்களுக்குப் பக்கத்தில் கூட வராது. ரூபாக் கணக்கு வேண்டுமென்றே எழுதவில்லை, இங்கே விலை மாதத்துக்கு ஒன்றாக மாறுகிறது.

2009இல் இதற்கே நடுக்கம் தாங்கும் வசதி சேர்த்து வி.சி. என்று ஒன்று விட்டார்கள். பெரிதும் பாரமும் கூட, படத்தின் கூர்மை பழையதை விடக் கொஞ்சம் குறைவு என்பது என் அபிப்பிராயம். அந்த வசதி உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், ஆலாத்தி சுற்றும் அத்தையை நிறுத்தாது. ஆள் எடுப்பவருக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. இரவில் ஆடாத கோபுரமும் விளக்கு வரிசையும் எடுப்பவருக்கு உதவும்.

நடுக்கம் தாங்கும் வசதி கட்டாயம் வேண்டுமென்றால் 2010இல் வந்த சிக்மா 17-50 எஃப்/2.8 பாருங்கள். மோட்டர் அமைதியானது, கையில் பிடித்தால் உறுதியாக இருக்கும், பில்டர் 77 மி.மீ. ஆகையால் அதற்கும் கொஞ்சம் கூடச் செலவாகும். கெனன் 17-55 எஃப்/2.8 இவை எல்லாவற்றையும் விட வேகமாகப் போகஸ் பிடிக்கும். யாராவது மிரர்லெஸ்ஸுக்கு மாறி நல்ல விலைக்குத் தள்ளிவிட்டால் யோசிக்காமல் எடுங்கள், முன் கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் தூசி இருந்தால் பயப்பட வேண்டாம், அந்த லென்ஸின் சுபாவமே அது. சிக்மா 18-35 எஃப்/1.8 இன்னும் ஒரு ஸ்டொப்புக்கு மேல் வெளிச்சம் தரும், அற்புதமான லென்ஸ், ஆனால் 810 கிராம், 35க்கு மேல் போகாது, முகத்துக்குத் தனியாக இன்னொன்று வேண்டியிருக்கும்.

முழு சென்சர் (புல் ஃப்ரேம்) கெமராக்காரர்களுக்கு மேலே சொன்ன எந்தச் சூமும் சரிவராது. கெனன் 17-55 மாட்டவே மாட்டாது, மற்றவை மாட்டினாலும் மூலையெல்லாம் கறுத்துவிடும். அவர்களுக்கு டெம்ரோன் 28-75 எஃப்/2.8, அதுவும் பழையதே போதும். அதையே சிறிய சென்சரில் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், 28இல் பத்தடிக்கு எட்டடிதான் வரும், பாதிக் குடும்பம் வெளியே இஸ்தோப்பில் நிற்கும். லென்ஸின் உடம்பில் எழுதியிருப்பதைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். டெம்ரோனில் ‘டிஐ டூ’ என்று இருந்தால் சிறிய சென்சருக்கு, வெறும் ‘டிஐ’ என்றால் இரண்டுக்கும். சிக்மாவில் ‘டிசி’ சிறியதற்கு, ‘டிஜி’ இரண்டுக்கும்.

இப்போது நான் ஏமாந்த கதை. நிக்கோன்காரர்கள் கட்டாயம் வாசியுங்கள். என்னிடம் அப்போது இருந்தது டி3200. கொழும்பில் பாவித்த லென்ஸ் விற்கும் ஒருவரிடம் டெம்ரோன் 17-50 இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கெமராவை வீட்டில் வைத்துவிட்டு (புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்) பஸ் ஏறிப் போனேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது, விலையும் குறைவு, வாங்கிக்கொண்டு வந்தேன். அட்டன் வந்து சேரும்போது இரவாகிவிட்டது. மாட்டினால் போகஸ் அசையவே இல்லை. லென்ஸில் பழுது ஒன்றும் இல்லை, அது உள்ளே மோட்டர் இல்லாத முதல் பதிப்பு, பொடியில் இருக்கும் மோட்டரை நம்பி ஓடுவது. டி40, டி60, டி3000 முதல் டி3500 வரை, டி5000 முதல் டி5600 வரை, இவை எதிலும் அந்த மோட்டர் கிடையாது. டி90, டி300, டி7000 வரிசை, டி7500 எல்லாவற்றிலும் உண்டு. அடையாளம் இதுதான்: லென்ஸைத் திருப்பி மாட்டும் பக்கத்தைப் பாருங்கள், உலோக வளையத்தில் திருப்புளி போடுவது மாதிரி பிளவுள்ள சின்ன ஆணித்தலை ஒன்று தெரிந்தால், பொடியின் மோட்டர் வந்துதான் அதைத் திருக வேண்டும். டெம்ரோன் பிறகு மோட்டர் உள்ளேயே வைத்த பதிப்பும் விட்டது, அதில் அந்த ஆணி இருக்காது. நான் இரண்டு கல்யாணத்தைக் கையால் போகஸ் பண்ணியே எடுத்தேன். பாதிப் படத்தில் மாப்பிள்ளை கூர்மை, பொண்ணு மங்கல்.

அதனால் முதல் விதி, உங்கள் கெமராவைக் கையோடு கொண்டு போங்கள்.

கடையில் முதலில் கண்ணாடி. போனில் டோர்ச் போட்டு, லென்ஸின் பின்பக்கமாகப் பிடித்து, முன்னால் சரிவாகப் பாருங்கள். தூசிப் பொட்டு நாலைந்து இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி, வேர் மாதிரி கிளை விட்டுக் கிளை விட்டுப் போகும் வெள்ளை நூல் தெரிந்தால் அது பூஞ்சணம், எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். துடைத்தால் போய்விடும் என்பார்கள். கண்ணாடியின் பூச்சை அது தின்றிருந்தால் துடைத்த பிறகும் தடம் நிற்கும், வலை போனாலும் வித்து போகாது. மலையகத்தில் பல வருடம் இருந்த லென்ஸ் என்றால் இரண்டு தடவை பாருங்கள், எங்கள் ஊர்க்காரர் விற்றாலும் சரி.

அடுத்தது போகஸ். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 50இல் 2.8 வைத்து ஒன்றரை மீட்டரில் ஒருவர் முகத்தை எடுத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ பத்து சென்ரிமீட்டர்தான். கண்ணில் பிடித்தது காதுக்கு நழுவினால் படம் போச்சு. ஒரு பேப்பரை மேசையில் விரித்து, ஒரு தலைப்பு வரியில் நடுப் புள்ளியை வைத்து, சரிவாகக் கிட்ட நின்று 2.8இல் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் அந்த வரிதான் கூர்மையாக இருக்கிறதா, இல்லை அதற்கு முன்னே பின்னே உள்ள வரியா என்று தெரிந்துவிடும். பிறகு அதே படத்தை லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையைப் பார்த்து எடுங்கள். லைவ் வியூவில் கூர்மை, வியூபைண்டரில் மங்கல் என்றால் கண்ணாடி நல்லது, லென்ஸும் பொடியும்தான் ஒத்துப்போகவில்லை. நிக்கோன் டி7000, கெனன் 70டி மாதிரி பொடிகளில் அதை மெனுவிலேயே திருத்தலாம். ஆரம்ப நிலைக் கெமராக்களில் அந்த வசதி இல்லை, அப்படியானால் வைத்துவிட்டு வாருங்கள், அடுத்த பிரதி சரியாக இருக்கலாம்.

இந்தச் சோதனையைப் பகல் வெளிச்சத்தில் கடை வாசலில் மட்டும் செய்யாதீர்கள், உள்ளே இருட்டான மூலைக்கும் போய்ச் செய்யுங்கள், நாம் வாங்குவதே இருட்டுக்குத்தானே.

மூலைகளைப் பார்க்க, சுவரில் நேராக ஒட்டிய பேப்பரை நேருக்கு நேர் நின்று 17இல் எடுங்கள். நாலு மூலையும் ஒரே மாதிரி கொஞ்சம் மங்கினால் அது சகஜம், ஒரு மூலை மட்டும் குழைந்து போயிருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கலாம். கடைசியாக 2.8, 8, 16 என்று மூன்று அளவில் ஒவ்வொரு படம். திறந்தபடியே எடுத்தால் ஒழுங்காக வேலை செய்து, மூடச் சொன்னதும் ‘எரர்’ காட்டும் லென்ஸ்கள் உண்டு, உள்ளே வயர் அறுந்ததன் அடையாளம் அது, விற்பவர் 2.8இல் மட்டும் எடுத்துக் காட்டி அனுப்பிவிடுவார்.

பாவிக்கும்போது ஒன்று. 2.8 இருக்கிறதே என்று குரூப் போட்டோவையும் 2.8இல் எடுக்காதீர்கள், இரண்டாவது வரிசையில் நிற்கும் பெரியப்பா மங்கிப் போவார், பிறகு அதைச் சொல்லியே காசைக் குறைப்பார்கள். 5.6க்குப் போய் பிளாஷ் போடுங்கள். தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒன்றுக்கும் உதவாது, வெள்ளையடித்த சுவர்ப் பக்கம் திருப்புங்கள்.

வாங்கிய பிறகுதான் நம் ஊரின் உண்மையான சோதனை. இந்த மலிவு லென்ஸ்கள் எதற்கும் மழைக்கான அடைப்பு கிடையாது, தூறலில் தேர் எடுக்கப் போனால் பொலித்தீன் பையும் ஹூட்டும் கட்டாயம். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி அறையில் வைத்தேன், மழை மாதங்களில் அது 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். பூஞ்சணத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? கெமராப் பைக்குள் பூட்டி வைப்பது அதற்கு மெத்தை விரித்துக் கொடுப்பது மாதிரி. அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் ஈரம் அண்டாது என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். அண்டாதுதான், கருவாடு மாதிரிக் காய்ந்து புகையும் பிடிக்கும். மூடி இறுக்கமாகப் பொருந்தும், ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, அதற்குள் அரைக் கிலோ சிலிக்கா ஜெல், அந்த ஈரமானி, இவ்வளவு போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். அரிசி போடாதீர்கள், தவிட்டுத் தூசி வளையத்துக்குள் போகும்.

பனியில் சுற்றிவிட்டு அடுப்பு எரியும் வீட்டுக்குள் வந்தால் குளிர்ந்த கண்ணாடியில் நீர் பூக்கும். வெளியிலேயே பைக்குள் போட்டு மூடி, உள்ளே வந்து அரை மணி நேரம் திறக்காமல் வையுங்கள். செம்மஞ்சள் சிலிக்கா ஜெல் பச்சையானால் பழைய தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுத்து, ஆறிய பிறகு திரும்பப் போடலாம். மாசி பங்குனியில் மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும், ஆனி ஆடியில் வாரம் ஒரு தடவை.