பழைய சாக் முகச்சித்திரம்: வரைந்தவரைத் தேடுவதிலிருந்து ஏலம் வரை

1998 ஜனவரியில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் விற்பனைக்கு வந்தது. பதப்படுத்திய தோலில் சாக் கட்டியாலும் மையாலும் வரைந்தது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேலை என்று 21,850 டாலருக்குப் போனது. பிறகு மார்ட்டின் கெம்ப் போன்ற சில அறிஞர்கள் அது லியோனார்டோ டா வின்சி வரைந்தது என்றார்கள். இல்லவே இல்லை என்று மறுத்தவர்களும் உண்டு. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. இந்தச் சந்தையில் விலை படத்துக்கு மட்டுமல்ல, பெயருக்கும்தான்.

சரி, கையில் ஒரு படம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

1. கையால் வரைந்ததா, அச்சா? புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜில் டெமார்த்தோ என்ற அச்சுக் கலைஞர், ஓவியர் பூஷேயின் சிவப்புச் சாக் படங்களை அப்படியே அச்சில் கொண்டுவந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அசலேதான். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை வைத்துப் பாருங்கள். அசல் சாக், தாளின் மேட்டில் ஒட்டிப் பள்ளத்தை விட்டுவிடும், தூள் தெரியும். அச்சில், உலோகத் தகட்டின்மேல் பல்சக்கரம் உருட்டிய புள்ளிகள் வரிசை கட்டும், ஓரத்தில் தகடு அழுந்திய தடம் இருக்கலாம். விரலால் தேய்த்துப் பார்க்காதீர்கள், சாக் போய்விடும்.

2. தாள். பழைய தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், தாள் வார்த்த சல்லடையின் கம்பிக்கோடுகளும், தாள் செய்தவரின் அடையாளமான நீர்க்குறியும் தெரியும். கோடே இல்லாத வழவழப்பான தாள் ஐரோப்பாவில் 1750களில்தான் வந்தது. அதில் 1520இல் இறந்த ரஃபேல் வரைந்திருக்க முடியாது. ஆனால் பழைய தாள் மட்டுமே சாட்சி ஆகாது. எரிக் ஹெப்போர்ன் என்ற போலிக்காரர் பழைய தாளைத் தேடிப்பிடித்துத்தான் வரைந்தார்.

3. முத்திரை. மூலையில் சின்ன எழுத்து முத்திரை இருந்தால் அது படத்தை முன்பு வைத்திருந்தவருடையது. 'பி.எல்.' என்றால் ஓவியர் பீட்டர் லீலியின் சேகரிப்பாக இருக்கலாம். ஃபிரிட்ஸ் லுக்ட் 1921இல் தொகுத்த முத்திரை அகராதி இப்போது இணையத்தில் இலவசம். அடியில் மையால் எழுதிய ஓவியர் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலும் பின்னால் வந்த யாரோ ஆசையில் எழுதியது.

4. நிழற்கோடு. நிழல் காட்ட அடுக்கடுக்காக இழுக்கும் கோடுகள் இவை. வலக்கைக்காரரின் கோடு பெரும்பாலும் மேலே வலப்பக்கம் தொடங்கிக் கீழே இடப்பக்கம் சாயும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உடனே இடக்கைக்காரரான லியோனார்டோ என்று துள்ள வேண்டாம். ஈரத்தாளை அசல்மேல் அழுத்தி எடுத்த பிரதியிலும் கோடு திரும்பித்தான் இருக்கும், நிறமும் வெளிறியிருக்கும்.

5. பெயர். லூவர், பிரிட்டிஷ் மியூசியம் தளங்களில் அதே ஓவியரின் காது, கண்ணிமை, முடி ஆகியவற்றை ஒப்பிடுங்கள். பிறகு அந்த ஓவியரின் முழுப் படைப்புப் பட்டியலைத் தயாரித்த அறிஞருக்கு, பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புங்கள். அவர் தலையாட்டாவிட்டால் சந்தையும் தலையாட்டாது.

அப்புறம் விற்பனை. ஏலப் பட்டியலில் 'இவருடையதாகக் கருதப்படுவது', 'இவர் பட்டறை', 'இவர் வட்டம்', 'இவர் பாணி', 'இவரைப் பார்த்து வரைந்தது' என்று படிப்படியாக விலை இறங்கும். ஒரு படி கீழே போட்டாலும் கவலை வேண்டாம். அசல் ஓவியர் வரைந்ததாகவே இருக்குமோ என்று வாங்க வந்த இருவருக்குத் தோன்றினால் விலை தானாக ஏறும். திருட்டுப் பொருளில்லை என்று ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர் என்ற, திருடுபோன கலைப்பொருள்களின் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலியிலிருந்து வெளியே அனுப்ப ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம். இத்தகைய பழைய படங்களின் பெரிய ஏலங்கள் பெரும்பாலும் ஜனவரியில் நியூயார்க்கிலும் ஜூலையில் லண்டனிலும் நடக்கும். கமிஷனோடு காப்பீடு, புகைப்படச் செலவையும் முன்பே பேசிவிடுங்கள்.

மதிப்பீட்டைக் குறைவாகவே வையுங்கள். விற்காமல் திரும்பிய படம் இணையப் பதிவில் எல்லார் கண்ணிலும் படும். அதை உடனே அடுத்த ஏலத்தில் போடாமல் சில வருடம் பொறுத்திருப்பது நல்லது.