சம ஊதியம் கோரும் பெண் பணியாளருக்கு

உடன் பணிபுரியும் ஆணைவிடத் தமக்குச் சம்பளம் குறைவு என்று அறியும் பெண், முதலில் பதவிப் பெயரைப் பார்க்காமல் வேலையைப் பார்க்க வேண்டும். ஏனெனில், இந்தியாவின் 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பு, ஒரே வேலையை மட்டுமன்றி, திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றில் ஒத்த தன்மையுள்ள வேலையையும் கணக்கில் கொள்கிறது. அவருக்கு 'மேற்பார்வையாளர்', உங்களுக்கு 'உதவியாளர்' என்று பெயர் இருந்தாலும், இருவரும் அன்றாடம் செய்வதை ஒரு மாதம் தேதியிட்டு எழுதி வையுங்கள். என் கருத்தில், வேறெந்த ஆவணத்தையும்விட இக்குறிப்பேடே வலிமையானது.

சம்பளச் சீட்டு, நியமன ஆணை, ஊதிய உயர்வுக் கடிதங்கள் ஆகியவற்றின் நகல்களை வீட்டில் பாதுகாத்து, பின்னர் நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள். 'நிறுவனத்தின் நிதிநிலை சரியில்லை' என்ற பதிலுக்குத் தளர வேண்டாம். ஆண் சுருக்கெழுத்தர்களைவிடக் குறைவாக ஊதியம் பெற்ற ஆட்ரி டி கோஸ்டாவின் வழக்கில், 1987இலேயே உச்ச நீதிமன்றம் அக்காரணத்தை ஏற்க மறுத்துவிட்டது. சமப்படுத்துவதற்காக ஆணின் ஊதியத்தைக் குறைக்கவும் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், இக்கோரிக்கையில் அவரும் உங்களுக்குத் துணைநிற்கலாம்.

நிர்வாகம் மறுத்தால், தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம், கோரிக்கைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். தனியாகச் செல்லத் தயங்குவோர் சார்பில், அவர்கள் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற தொழிற்சங்கமும் மனு அளிக்கலாம்.