மேட்டுக் காணியில் குடியிருப்பு வீதி அமைப்பது எப்படி

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரை மணலில் வீதி போட்டுப் பழகியவர்கள், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் தாந்தாமலை, குடும்பிமலைப் பக்கமோ, அம்பாறை மாவட்டத்தில் கஞ்சிகுடிச்சாற்றுப் பக்கமோ போய் அதே முறையில் நேராகக் கயிறு பிடித்தால், முதல் மாரியிலேயே வீதி அறுந்துபோகும். மணலில் விழும் மழை உள்ளே இறங்கிவிடும். மேட்டில் பாறைக்கு மேல் மெல்லிய மண்தான். தண்ணீர் இறங்காது, ஓடும். நேராக மேடேறும் வீதி அதற்கு ஒரு வாய்க்கால். ஆகவே வரைபடத்தில் தண்ணீர் போகும் வழிகளை முதலில் கீறுங்கள், வீதியைப் பிறகு கீறலாம்.

நில அளவையாளரிடம் 1 மீற்றர் உயர இடைவெளியில் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) கேளுங்கள். காணித்துண்டுகளின் எல்லை மட்டும் உள்ள வரைபடம் இந்த வேலைக்கு உதவாது. கோடையில் வறண்டு கிடக்கும் ஓடைகளையும் குறிக்கச் சொல்லுங்கள். அவற்றை யாருடைய வளவுக்குள்ளும் அடக்கக் கூடாது. அடக்கினால் வேலி கட்டப்படும், பிறகு வெள்ளம் வீதிக்குத் திரும்பும்.

சரிவைக் கணக்கிடுவது எளிது: 100 மீற்றர் தூரத்தில் 8 மீற்றர் ஏறினால் 8 சதவீதம். பிரதான வீதியை 8 சதவீதத்துக்குள் வையுங்கள். ஒழுங்கைகள் 12 வரை போகலாம். 15 சதவீதம் என்றால் 50 மீற்றருக்கு மேல் வேண்டாம், அதுவும் கொங்கிரீட்டில் மட்டும். பாரம் ஏற்றிய பெட்டியோடு வரும் உழவு இயந்திரமும் கோடையில் தண்ணீர் கொண்டுவரும் பவுசரும் ஏற வேண்டும். காரை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். 20 சதவீதச் சரிவில் 12 மீற்றர் உயரம் ஏற நேர்வழி 60 மீற்றர். 8 சதவீதத்தில் அதே உயரத்துக்கு 150 மீற்றர் வேண்டும். எனவே வீதி சமவுயரக் கோடுகளைச் சாய்வாகத்தான் வெட்டிப் போக வேண்டும். திரும்பி ஏறும் வளைவில் சரிவை 4 சதவீதத்துக்குக் குறைத்து, நடுக்கோட்டு ஆரத்தை 12 மீற்றருக்குக் குறையாமல் வைத்து, உட்புறத்தை அகலமாக்குங்கள். சந்திகளிலும் கடைசி 6 முதல் 10 மீற்றர் வரை ஏறத்தாழச் சமதளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நிறுத்திய வண்டி பின்னால் உருளும்.

அகலம் கூடினால் நல்லது என்ற எண்ணம் சமவெளிக்குச் சரி. 30 சதவீதப் பக்கச் சரிவில் 5.5 மீற்றர் தளம் வெட்டினால் இரு ஓரங்களுக்கும் இடையே 1.65 மீற்றர் உயர வித்தியாசம், 3.5 மீற்றர் தளத்துக்கு 1.05 மட்டுமே. ஒழுங்கையில் 3.5 மீற்றர் ஓடுபாதை வைத்து, பார்வைக்கு எட்டும் தூரத்தில் விலகிக்கொள்ளும் இடங்கள் கொடுத்தால் வெட்டும் மண்ணும் தாங்குசுவரும் மிச்சம். சட்டப்படி ஒதுக்க வேண்டிய வீதி அகலம் வேறு. துண்டாடும் வரைபடம் பிரதேச சபைக்குப் போகுமுன் அதைக் கேட்டறிந்து ஒதுக்குங்கள், முழுவதையும் வெட்டத் தேவையில்லை. மண் நிரப்பும் பக்கத்தில் மேல்மண்ணையும் வேர்களையும் அகற்றி, சரிவைப் படிபடியாக வெட்டி, 150 மில்லிமீற்றர் அடுக்குகளாக நிரப்பி ரோலரால் இறுக்குங்கள். டிப்பரில் கொட்டிவிட்டுத் தட்டையாக்கிய மண் மாரியில் வழுக்கிக் கீழ்வீட்டுக்குள் போகும்.

இனி வடிகான். பணம் மிச்சம் பிடிக்கிறோம் என்று பலர் கெடுப்பது இதைத்தான். 2 ஹெக்டேயர் காட்டுச் சரிவில் மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் மழை பெய்தால், ஓட்டக் குணகம் (பெய்யும் மழையில் நிலத்தில் இறங்காமல் ஓடும் பங்கு) 0.25 என்று கொண்டு, செக்கனுக்கு ஏறக்குறைய 139 லீற்றர் ஓடும். அங்கே கூரைகளும் வீதியும் வந்து குணகம் 0.6 ஆனால் 333 லீற்றர். பழைய ஓடையைப் பார்த்து, வீதிக்கு அடியால் தண்ணீரைக் கடத்தும் மதகின் அளவைத் தீர்மானிப்பது தவறாவது இதனால்தான்.

வீதியை மலைப்பக்கம் சாய்த்து அந்த ஓரத்தில் கான் வையுங்கள்: கொங்கிரீட்டுக்கு 2.5 சதவீதச் சாய்வு, கிறவலுக்கு 5. மண் கானின் சரிவு 4 சதவீதத்தைத் தாண்டினால் கல் தடுப்புகள் தேவை. 5 சதவீதத்தில் சுமார் 13 மீற்றருக்கு ஒன்று, 8-இல் 7 மீற்றருக்கு, 10-இல் 5 மீற்றருக்கு. தடுப்பின் நடு, ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மட்டமாகக் கட்டினால் தண்ணீர் பக்கத்தை அறுத்துச் சுற்றிப் போகும், தடுப்பு தனியே நிற்கும். மதகுக் குழாய் 600 மில்லிமீற்றருக்குக் குறைய வேண்டாம். சிறியதில் சருகு அடைத்தால் மண்வெட்டி நுழையாது. வெளிவாயிலில் கருங்கல் பதியுங்கள். பட்டி மாடுகள் கடக்கும் இடத்தில் கான் ஓரம் நிச்சயம் இடியும்; அங்கே கல் பதித்த அகலமான தாழ்வு ஒன்று போதும், மாட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சரிவு 8 சதவீதத்துக்கு மேற்பட்ட வீதித் துண்டுகளில் கிறவல் நிற்காது. 150 மில்லிமீற்றர் கொங்கிரீட் போடுங்கள். கீழிருந்து மேலாக, இறுக்கமான கலவையில் போட வேண்டும். தண்ணீர் கூடினால் கலவை கீழே வழியும். 4 மீற்றருக்கு ஒரு மூட்டு. மேற்பரப்பைக் கரண்டியால் வழுவழுப்பாக்கும் மேசனைத் தடுத்து, தும்புத்தடியால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள். போட்ட கொங்கிரீட்டை ஏழு நாள் ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். இந்த வேலைக்கு உகந்த காலமான மே முதல் செப்ரெம்பர் வரை கிணறுகள் வற்றுவதால் அந்தத் தண்ணீருக்கும் மதிப்பீட்டில் இடம் வையுங்கள்.

மேல்வீதியையும் கீழ்வீதியையும் நடைபடிகளால் இணைக்காவிட்டால் பிள்ளைகள் வளவுகளுக்குள்ளால் இறங்குவார்கள், அந்தத் தடமே அடுத்த நீரோடை. படி உயரம் 150, மிதி 300 மில்லிமீற்றர், பத்துப் படிக்கு ஒரு மேடை, ஓரத்தில் சைக்கிள் உருட்ட ஒரு சாய்பாதை.

ஐப்பசியில் முதல் பெருமழை விட்டதும் மண்வெட்டியோடு ஒவ்வொரு மதகின் வெளிவாயிலையும் பாருங்கள். குழி விழுந்திருந்தால் அடுத்த மழைக்கு முன் பெரிய கல்லால் நிரப்புங்கள். விட்டால் குழி பின்னோக்கி வளர்ந்து குழாயையே தூக்கிவிடும்.