பழைய போர் விமானத்தின் மீது ஆசையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானப் பைத்தியம் பிடித்த இரண்டு பேர் சந்தித்தால், "காசு ஒரு பிரச்சினை இல்லையென்றால் எந்த விமானத்தை வாங்குவாய்?" என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், மிக்-21, டாம்கேட் என்று பெயர்கள் வரிசையாக வரும். ஓய்வுபெற்ற ராணுவ விமானம் ஒன்றைக் கண்டால் எனக்கும் கால் நகராது. இந்த ஆசையில் நேரும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மறதியிலிருந்து பிறக்கின்றன: அந்த விமானம் பணியில் இருந்தபோது அதைக் கவனித்துக்கொள்ள ஒரு விமானப்படையே இருந்தது.

முதலில், ஓய்வுபெற்றதெல்லாம் விலைக்கு வரும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கக் கடற்படை எஃப்-14 டாம்கேட்டுக்கு 2006-இல் விடை கொடுத்தது. உதிரி பாகங்கள், அதே விமானத்தை வைத்திருந்த ஈரானுக்குப் போய்விடக் கூடாது என்று, மிஞ்சியவற்றில் பலவற்றைத் துண்டுதுண்டாக வெட்டிவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் நிற்பவை பறக்கப் போவதில்லை. தனியாருக்கு உண்மையில் கிடைப்பவை பெரும்பாலும் பயிற்சி விமானங்கள்தான்: டி-6 டெக்ஸன், யாக்-52, ஜெட் வேண்டுமென்றால் 1968-இல் முதன்முதலாகப் பறந்த எல்-39 அல்பட்ராஸ்.

அடுத்தது வாங்கும் விலையை மட்டும் பார்ப்பது. பழைய ஜெட் சில சமயம் வியக்கத்தக்க அளவு மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது ஒவ்வொரு மணி நேரமும் நூற்றுக்கணக்கான லிட்டர் எரிபொருளைக் குடிக்கும். அதில் எஜெக்‌ஷன் சீட் (ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே வீசும் அமைப்பு) இருந்தால் இன்னொரு கவலை. அதை வெளியே தள்ளும் வெடிமருந்துக்கும் காலாவதித் தேதி உண்டு. அதை மாற்றத் தெரிந்தவர் கிடைக்காவிட்டால், உயிரைக் காக்க வைத்த இருக்கையே கீழே நிற்பவருக்கு ஆபத்தாகிவிடும்.

"கொஞ்ச நேரம்தான் பறந்திருக்கிறது, அதனால் புதுசு மாதிரி" என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. வருடக்கணக்கில் சும்மா நின்ற விமானத்தில் ரப்பர் சீல்கள் காய்ந்துபோகும், உள்ளுக்குள் அரிப்பு ஏறும். எத்தனை மணி நேரம் பறந்தது என்பதோடு, எப்படிப் பறந்தது என்பதையும் விமானத்தின் பதிவேடான லாக் புக்கில் தேடுங்கள். டி-34 மென்ட்டர் என்ற பயிற்சி விமானம் நல்ல பாடம். வான்சண்டை விளையாட்டுக்காக அதில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வளைத்து வளைத்துப் பறந்தார்கள். 1999, 2003, 2004 என்று மூன்று முறை பறக்கும்போதே இறக்கை முறிந்தது. இறக்கையைத் தாங்கும் உலோகம் திரும்பத் திரும்ப வளைந்து சோர்ந்து போயிருந்தது. பெயின்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இது கண்ணுக்குத் தெரியாது.

ரேடியல் எஞ்சின் (சிலிண்டர்கள் வட்டமாக அமைந்தது) உள்ள விமானம் என்றால், எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்வது பெரிய தவறு. எஞ்சின் நிற்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து கீழ்ப்பக்கச் சிலிண்டர்களில் தேங்கும். காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அந்த நிலையில் எஞ்சினைச் சுழற்றினால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சில சமயம் அப்போது ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்து நடுவானில் உடையும். அதனால் முதலில் சுவிட்சுகள் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தடுத்தால் பலம் கொடுக்கவே கூடாது, பின்பக்கமாகச் சுற்றவும் கூடாது. கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடியவிட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் எனக்கு இந்த விமானங்களிடம் பிடித்ததே இந்த நெருக்கம்தான்.

அப்புறம், சிறிய விமானம் ஓட்டிய அனுபவம் போதும் என்று நினைப்பது. மஸ்டாங்கின் மெர்லின் எஞ்சின் ஏறத்தாழ 1,500 குதிரைசக்தி தரும். தரையிறங்க மெதுவாக வரும்போது மனம் மாறி, சட்டென்று முழு த்ராட்டில் கொடுத்தால் விமானமே ஒரு பக்கமாகப் புரண்டுவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானிகளே டி-6-இல் பழகிவிட்டுத்தான் சண்டை விமானத்துக்குப் போனார்கள். அந்தப் படியை நாமும் தாண்டிக் குதிக்கக் கூடாது.

பணமும் அன்பும் இருந்தும் பறக்க முடியாமல் போகலாம். பிரிட்டனின் வல்கன் எக்ஸ்ஹெச்558 குண்டுவீச்சு விமானத்தை மக்களின் நன்கொடையில் சீரமைத்து, 2007-இல் மீண்டும் வானில் ஏற்றினார்கள். 2015 அக்டோபரில் அது கடைசியாகப் பறந்தது. அதன் வடிவமைப்பை அறிந்து தொழில்நுட்பப் பொறுப்பேற்ற நிறுவனங்கள் இனித் தொடர முடியாது என்று சொன்னதே முக்கியக் காரணம். ஆகவே விமானத்தைத் தேடுவதற்கு முன்னால் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடுங்கள்.

சரி, என் தேர்வு என்ன? டி-6 டெக்ஸன். 15,000-க்கும் மேல் தயாரான விமானம் அது. அதன் 600 குதிரைசக்தி வாஸ்ப் எஞ்சின், வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானங்களிலும் ஆட்டர் போன்ற சரக்கு விமானங்களிலும் நெடுங்காலம் உழைத்தது. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன.