ரீஃபண்ட் இருக்கே என்று கேம் வாங்குபவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கிய கேம் பிடிக்கவில்லையா? வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். 2015 ஜூனில் வந்த இந்த வசதி பலருக்கும் தெரிந்ததுதான். அந்த இரண்டு மணி நேரம் எப்படிக் கரைகிறது என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள்.

ஸ்டீம் கணக்கில் எடுப்பது கேம் திறந்திருந்த நேரத்தை. இப்போதைய பெரிய கேம்கள் பலவற்றில் முதல் முறை திறந்ததும் ஷேடர் (காட்சிகளைத் திரையில் வரைய உதவும் சிறு நிரல்கள்) தயாராகிறது என்று ஒரு கோடு மெல்ல நகரும்; பழைய பிராசஸர் என்றால் அதற்கே கால் மணி நேரம் போய்விடலாம். அப்புறம் கதாபாத்திரத்தின் முகத்தை வடிவமைக்கும் திரை. மூக்கையும் முடியையும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. கேமை மூடாமல் பாதியில் நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும், வெயிட்டிங்கில் நிற்கும் ஆட்டோ போல மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால், நம் கம்ப்யூட்டரில் ஓடுமா என்று பார்க்க வாங்கியவர்கள் முதல் நாளே கதையில் மூழ்கக் கூடாது. ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதைத் திரையில் காட்டவைத்துவிட்டு, ஆள் நடமாட்டம் உள்ள ஊர், திறந்தவெளி, பெரிய சண்டை என்று சீக்கிரம் போய்ப் பாருங்கள். தொடக்கக் காட்சி பெரும்பாலும் ஏதாவது ஒரு குகையிலோ அறையிலோ நடக்கும். அங்கே 60 ஃபிரேம் வந்தால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆடிப் பார்க்க டெமோ (கேமின் சிறு மாதிரிப் பகுதி) இருக்கிறதா என்று பார்க்காமலே வாங்குவது இன்னொரு தவறு. பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களில் நடக்கும் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் வரப்போகும் கேம்களின் டெமோக்கள் நூற்றுக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் டெமோவுக்கென்று எடுத்துக்கொடுப்பது பெரும்பாலும் நன்றாக மெருகேற்றிய பகுதியைத்தான். அது பிடித்தால் விஷ்லிஸ்டில் போடுங்கள், முன்பதிவுக்கு ஓட வேண்டாம். கூடுதல் விலை கொடுத்து நாலு நாள் முன்னாலேயே ஆடும் பதிப்பை வாங்குபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்: 2024 ஏப்ரலிலிருந்து அந்த நேரமும் ஸ்டீமின் இரண்டு மணி நேரக் கணக்கில் சேர்கிறது.

எல்லாக் கடையிலும் இதே விதிதான் என்று நினைத்து ஏமாறுபவர்களும் உண்டு. எபிக்கில் ஏறக்குறைய இதேதான். ஜிஓஜி தாராளம்: ஆடியிருந்தாலும் 30 நாள் அவகாசம். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் 14 நாள் என்று இருக்கும், ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே பொதுவாக அந்த உரிமை போய்விடும். சைபர்பங்க் 2077 கேமுக்கு 2020 டிசம்பரில் சோனி எல்லோருக்கும் பணம் தர முன்வந்தது விதிவிலக்கு, அதை நம்பி வாங்காதீர்கள். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும். அங்கே ஒரு முறை திருப்பிய கேமை மறுபடி வாங்கினால் இரண்டாவது முறை திருப்ப முடியாது.

வேறு தளத்தில் மலிவாகக் கிடைத்த கீயை (கேமைத் திறக்கும் குறியீட்டை) ஸ்டீமில் போட்டால் ஸ்டீம் பணம் தராது, விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். மாறாக, ஸ்டீமிலேயே முழு விலைக்கு வாங்கிய மறுநாள் தள்ளுபடி வந்தால் கூச்சப்பட வேண்டியதில்லை. விதிக்குள் இருக்கும்வரை திருப்பிக் கொடுத்துவிட்டு அதே கேமைக் குறைந்த விலையில் வாங்கலாம். அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை என்று ஸ்டீமே சொல்கிறது.