பத்திரிகை நின்றுபோன ஊரில் மன்றக் கூட்டத்தைச் செய்தியாக்குவது எப்படி?

வரி விளம்பரங்கள் (வேலை, வாடகை, விற்பனை என்று ஓரிரு வரிகளில் வரும் சிறு விளம்பரங்கள்) இணையத்துக்குப் போனதும், வருமானம் இழந்த உள்ளூர்ப் பத்திரிகைகள் பலவும் கைவைத்தது நிருபர்கள் மீதுதான். உள்ளாட்சிக் கூட்டங்களில் செய்தியாளர் இருக்கை காலியாகக் கிடப்பது அதனால்தான். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் அந்த வேலையைச் செய்துவிடலாம்.

நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வாங்கி, பணம், நிலம், ஒப்பந்தம் தொடர்பானவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் எழுதப் போனால் சீக்கிரமே சலித்துவிடும். விவாதமின்றி மொத்தமாக நிறைவேறும் தீர்மானங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரிய செலவுகள் அங்கேயும் ஒளிந்திருக்கும்.

ஒலிப்பதிவுக்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். பதிவு செய்தாலும் கையில் குறிப்பு வேண்டும்: தீர்மான எண், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு, எதிர்ப்பு, தொகை. ஓரத்தில் நேரத்தையும் எழுதிவைத்தால் பதிவில் தேடி அலைய வேண்டாம்.

முடிவும் தொகையும் முதல் வரியிலேயே வரட்டும். ‘கூட்டம் நடைபெற்றது’ என்று தொடங்கினால் யார் படிப்பார்கள்? செய்தியை எழுதாத இன்னொருவர் பெயர்களையும் எண்களையும் மூல ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். எழுதியவர் கண்ணுக்குக் கூடுதலாக விழுந்த சுழியம் தெரியாது. குற்றச்சாட்டு இருந்தால், சம்பந்தப்பட்டவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டு, பதிலையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

வாட்ஸாப்பில் செய்தியைப் படமாக அனுப்பாதீர்கள். பிழை திருத்திய பிறகும் பழைய படமே சுற்றிக்கொண்டிருக்கும். இணைப்பாக அனுப்பினால், திருத்தத்தைத் தேதியோடு அதே பக்கத்தில் போடலாம்.